இரண்டாவது சாவி யாரிடம் இருக்கிறது?

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

ஆண்டறிக்கையும் வரவு செலவுக் கணக்கும் வாசிக்கப்பெற்று, சபையின் ஒப்புதலும் கிடைத்துவிட்டது. கணக்கு வழக்கைப் பற்றிப் பேசிய கையோடு, நம் ஒவ்வொருவரின் சட்டைப்பையிலும் இருக்கின்ற வேறு சில கணக்குகளைப் பற்றியும் பேசிவிடலாம் என்று நிர்வாகத்தினர் விரும்பினர். மின்னஞ்சல், வாட்ஸ்அப், வங்கிச் செயலி ஆகிய இணையக் கணக்குகளை இரண்டு பூட்டுப் போட்டுக் காப்பது எப்படி என்பதே நமக்குத் தரப்பட்ட பொருள்.

இரண்டு பூட்டு என்பது நமக்குப் புதிதன்று. நம் பள்ளிவாசல் உண்டியலைப் பாருங்கள். ஒரு பூட்டின் சாவி பொருளாளரிடம் இருக்கிறது. மற்றொன்றின் சாவி செயலாளரிடம் இருக்கிறது. இருவரும் சேர்ந்து நின்றால்தான் உண்டியல் திறக்கும். ஜமாஅத்தின் காசோலையிலும் இரண்டு கையொப்பம் இல்லாமல் பணம் வெளியே வராது. எவர் மீதும் ஐயம் கொண்டு செய்த ஏற்பாடன்று இது. ஒரு சாவி தொலைந்தாலும் ஊர்ப் பணம் தொலையக் கூடாது என்பதற்காகப் பெரியவர்கள் செய்து வைத்தது. இதனையே கணினித் துறையினர் இரண்டு அடுக்குச் சரிபார்ப்பு என்கின்றனர். முதல் பூட்டுக்குச் சாவி, மனத்தில் இருக்கும் கடவுச்சொல். இரண்டாவது பூட்டுக்குச் சாவி, கையில் இருக்கும் ஒரு பொருள். அல்லது விரல் ரேகை, முகம் போன்ற உடலின் அடையாளம். ஏடிஎம்மில் அட்டையைச் செருகி நான்கு இலக்க எண்ணை அழுத்துகிறோமே, அதுவும் இரண்டு அடுக்குதான். பெயர் தெரியாமலேயே பல ஆண்டுகளாக நாம் அதனைக் கையாண்டு வருகிறோம்.

ஆனால் உண்டியலின் இரண்டு சாவிகளையும் ஒரே ஆணியில் மாட்டி வைத்தால் இரண்டு பூட்டினால் பயன் என்ன? நம் வீடுகளில் இணையக் கணக்குகளின் நிலை பெரும்பாலும் இதுவாகவே இருக்கிறது. சில வீடுகளில் நிலைமை இன்னும் மோசம். இரண்டாவது சாவி அடுத்த தெருக்காரரின் பையில் கிடக்கிறது, வீட்டுக்காரருக்கு அது தெரியவும் தெரியாது. ஆகவே பூட்டைப் பற்றிச் சிறிதும், சாவியைப் பற்றி விரிவாகவும் பேச எண்ணுகிறோம்.

கடவுச்சொல் மட்டும் ஏன் போதாது என்று கேட்கலாம். பலரும் ஒரே சொல்லைப் பத்து இடங்களில் வைத்திருக்கின்றனர். எங்கோ ஒரு சிறிய வணிகத் தளத்திலிருந்து அந்தச் சொல் திருடு போனால், திருடர்கள் அதனை எந்திரத்தின் துணையோடு மற்றெல்லா இடங்களிலும் போட்டுப் பார்க்கின்றனர். 2019ஆம் ஆண்டு கூகுள் நிறுவனம் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்களோடு சேர்ந்து ஓர் ஆய்வை வெளியிட்டது. கைப்பேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும் எண்ணை இரண்டாவது பூட்டாக வைத்தாலே, எந்திரங்கள் தாமாக நடத்தும் தாக்குதல்கள் அத்தனையும் தடுக்கப்பட்டன. கூட்டங்கூட்டமாகப் போலிச் செய்தி அனுப்பி நடத்தும் மோசடிகளில் நூற்றுக்கு 96 தடுக்கப்பட்டன. ஆனால் ஒரு தனி மனிதரைக் குறிவைத்து நடத்தும் தாக்குதல்களில் நூற்றுக்கு 76 மட்டுமே தடுக்கப்பட்டன. எஞ்சிய அந்த இடைவெளியில்தான் இன்றைய மோசடிக்காரர்கள் குடியிருக்கின்றனர்.

நம் நாட்டில் இணையவழி அட்டைப் பணப்பரிமாற்றத்திற்கு இரண்டாவது சரிபார்ப்பை 2009 ஆகஸ்ட் முதல் ரிசர்வ் வங்கி கட்டாயமாக்கியது. ஓடிபி என்று நாம் அழைக்கின்ற ஒருமுறைக் கடவுச்சொல் வீட்டுக்கு வீடு பழக்கமானது அதன் பின்னர்தான். பூட்டு வலுவான பிறகு திருடன் பூட்டை உடைக்க முயல்வதில்லை. சாவி வைத்திருப்பவரிடம் வந்து பேச்சுக் கொடுக்கிறான்.

வாட்ஸ்அப் கணக்கு எவ்வாறு பறிபோகிறது என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்போம். நம் மஹல்லாவில் அது இல்லாத வீடு அரிது. ஜனாஸா அறிவிப்பு முதல் மாதச் சந்தா வரை எல்லாம் அதில்தான் வருகிறது.

வாட்ஸ்அப் கணக்கைப் புதிய கைப்பேசியில் தொடங்க வேண்டுமானால், அந்த எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு ஒன்று வரும். அதைப் பதிந்தால் கணக்கு புதிய கைப்பேசிக்கு மாறிவிடும். திருடன் தன் கைப்பேசியில் உங்கள் எண்ணைப் பதிகிறான். குறியீடு உங்களுக்கு வருகிறது. அடுத்த நிமிடம் உங்கள் மைத்துனரின் பெயரில் ஒரு செய்தி: சலாம் சொல்லி, தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஓர் எண் வந்துவிட்டது, உடனே அனுப்புங்கள் என்று. அது மைத்துனர் அல்லர். அவருடைய கணக்கு சற்று முன்னர்தான் இதே வழியில் பறிபோயிருக்கிறது. சொந்தக்காரர் கேட்கும்போது மறுத்துப் பழக்கமில்லாத நாம் எண்ணை அனுப்பிவிடுகிறோம். இந்த எண்ணை யாரிடமும் பகிராதீர் என்ற எச்சரிக்கை அந்தக் குறுஞ்செய்தியிலேயே இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அது ஆங்கிலத்தில் இருக்கிறது. ஆங்கிலம் படிக்கத் தெரியாத மூதாட்டி ஒருவர் அதிலிருந்து புரிந்துகொள்ளக் கூடியது ஆறு எண்கள் மட்டுமே. எச்சரிக்கையைப் படிக்க முடியாத மொழியில் அனுப்பிவிட்டு, எச்சரித்தோமே என்று சொல்வது நியாயமாகாது என்பதே நம் கருத்து.

கணக்கு போனபின் நடப்பதுதான் பெரிய துன்பம். பழைய உரையாடல்கள் உங்கள் கைப்பேசியிலேயே இருப்பதால் திருடன் அவற்றைப் படிக்க இயலாது. ஆயினும் நீங்கள் இருக்கும் குழுக்கள் எல்லாம் அவன் கண்ணில் படும். மருத்துவமனையில் இருக்கிறேன், பத்தாயிரம் அனுப்புங்கள், மாலையில் தருகிறேன் என்று உங்கள் பெயரில் ஊர் முழுவதற்கும் செய்தி போகும். உதவி கேட்டவருக்கு ஏன் எதற்கு என்று கேளாமல் கொடுப்பது நம் ஊரின் நல்ல பழக்கம். மோசடிக்காரன் அறுவடை செய்வது அதைத்தான். பணத்தை இழந்தவர் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். உறவுக்குள் விழும் அந்தக் கீறலுக்கு எந்தக் காவல் நிலையத்திலும் புகார் எண் கிடையாது.

எண்ணைக் கேட்காமலேயே பறிக்கும் தந்திரமும் உண்டு. கூரியர் வந்திருக்கிறது என்றோ, இணைப்பு துண்டிக்கப்படும் என்றோ ஒருவர் அழைத்து, ஸ்டார் 401 ஸ்டார் என்று தொடங்கி ஓர் எண்ணை அழுத்தச் சொல்வார். ஸ்டார் 21 என்றும் சொல்வதுண்டு. அழுத்திய கணமே உங்களுக்கு வரும் அழைப்புகள் எல்லாம் அவருடைய எண்ணுக்குத் திரும்பிவிடும். வாட்ஸ்அப் குறியீட்டைக் குறுஞ்செய்திக்குப் பதில் தொலைபேசி அழைப்பிலும் கேட்டுப் பெறலாம் அல்லவா? அந்த அழைப்பு நேரே அவரிடம் போகும். இந்த முறையில் அழைப்பைத் திருப்பிவிடும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தி வைக்குமாறு தொலைத்தொடர்புத் துறை ஆணையிட்டது. என்றாலும் முன்பின் தெரியாதவர் அழுத்தச் சொல்லும் எந்த எண்ணையும் அழுத்தாதிருப்பதே நல்லது. அழுத்திவிட்டதாக ஐயம் எழுந்தால் ##002# என்று அழுத்தி அழையுங்கள். திருப்பிவிடப்பட்டவை அனைத்தும் நீங்கும்.

இதற்கெல்லாம் மருந்தாக 2017 முதல் வாட்ஸ்அப்பிலேயே இரண்டாவது பூட்டு இருக்கிறது. அமைப்புகள், கணக்கு, இரண்டு படிச் சரிபார்ப்பு என்று வரிசையாகச் சென்றால், நீங்களே ஆறு இலக்க எண் ஒன்றை வைத்துக்கொள்ளலாம். குறுஞ்செய்தியில் வரும் குறியீடு திருடன் கையில் சிக்கினாலும், நீங்கள் வைத்த இந்த எண் இல்லாமல் அவன் உள்ளே வர முடியாது. மறந்துவிட்டால் மீட்பதற்கு மின்னஞ்சல் முகவரி ஒன்றையும் அங்கேயே சேர்த்து வைக்க வேண்டும். மூன்று நிமிட வேலை. பிறந்த ஆண்டையோ 123456 என்பதையோ வைப்பதானால் அந்த மூன்று நிமிடமும் வீண்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இந்தப் பூட்டு எல்லாவற்றையும் தடுக்காது. உங்கள் கணக்கை மற்றொரு கணினியோடு இணைக்கும் வசதியை வைத்து நடக்கும் மோசடியை இது நிறுத்தாது. எட்டு எழுத்துக் குறியீடு ஒன்றை வாட்ஸ்அப்பில் பதியச் சொல்வார்கள், அல்லது ஒரு கட்டக் குறியை ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். செய்தால் உங்கள் உரையாடல்கள் அங்கும் ஓடத் தொடங்கும். உங்கள் கைப்பேசி வழக்கம்போல் இயங்குவதால் உங்களுக்குத் தெரியவும் வராது. இணைக்கப்பட்ட சாதனங்கள் என்ற பக்கத்தை அவ்வப்போது திறந்து, அறிமுகமில்லாதது ஏதேனும் இருந்தால் நீக்கிவிட வேண்டும். கணக்கே பறிபோய்விட்டால் பதறாமல் உங்கள் எண்ணையே மீண்டும் பதிந்து, வரும் குறியீட்டை இடுங்கள்; திருடன் வெளியேற்றப்படுவான். அவன் தன் பங்குக்கு ஒரு பூட்டைப் போட்டிருந்தால் நீங்கள் ஏழு நாள் காத்திருக்க நேரிடும். அந்த ஏழு நாளும் அவனாலும் உள்ளே இருக்க முடியாது.

இனி, சாவி யாரிடம் என்ற கேள்விக்கு வருவோம்.

நம் ஊரில் எத்தனையோ வீட்டுத் தலைவர்கள் வளைகுடாவில் இருக்கின்றனர். அவர்களுடைய ஊர் எண் கொண்ட சிம் அட்டை அறையில் ஒரு பழைய கைப்பேசியிலோ பெட்டியின் அடியிலோ கிடக்கிறது. வாட்ஸ்அப் அந்த எண்ணில் ஓடுவதால் எண் உயிரோடு இருக்கிறது என்று நினைக்கின்றனர். அறையின் வைஃபை வழியே ஓடும் வாட்ஸ்அப், சிம் அட்டையின் பயன்பாடாகக் கணக்கில் வராது. டிராய் விதிகளின்படி, 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தப்படாத எண்ணை நிறுவனம் நிறுத்திவிடலாம். முன்பணக் கணக்கில் 20 ரூபாய் இருந்தால் மேலும் 30 நாள் நீட்டிப்பு கிடைக்கும். நிறுத்திய எண்ணைக் குறைந்தது 90 நாள் ஒதுக்கி வைத்துவிட்டு வேறொருவருக்குக் கொடுக்கலாம் என்பதை 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலேயே டிராய் தெரிவித்தது. அப்படியானால் பதினைந்து ஆண்டு வியர்வை சேர்ந்திருக்கும் வங்கிக் கணக்கின் இரண்டாவது சாவி, முகம் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும். அவர் நல்லவராகவே இருந்தாலும், விடுப்பில் வந்து தன் பணத்தைத் தானே எடுக்க முடியாமல் கிளைக்கும் வீட்டுக்கும் அலைவது உரியவர்தாம். ஆகவே ஊர் எண்ணை உரிய காலத்தில் ரீசார்ஜ் செய்து வையுங்கள். வெளிநாட்டில் வாழ்வோரின் கணக்குகளுக்கு அந்நாட்டு எண்ணையே பதிந்துகொள்ளப் பல வங்கிகள் இடமளிக்கின்றன. கிளையில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது மின்னஞ்சல். கடவுச்சீட்டுக்காகவோ, விசாவுக்காகவோ, ஹஜ் விண்ணப்பத்திற்காகவோ ஒரு மின்னஞ்சல் முகவரி தேவைப்பட்டிருக்கும். பிரவுசிங் சென்டர் தம்பியோ பயண முகவரோ ஐந்து நிமிடத்தில் உருவாக்கிக் கொடுத்திருப்பார். கடவுச்சொல் அவர் வைத்தது. மீட்பு எண்ணாக அவர் தம் எண்ணையே கொடுத்திருப்பார். கெட்ட எண்ணம் ஏதுமின்றி, வேலை விரைவில் முடிய வேண்டும் என்று செய்ததாகவே இருக்கும். ஆனால் அந்த முகவரியைத்தான் நீங்கள் பிறகு வங்கியிலும் கொடுத்தீர்கள், கைப்பேசியிலும் பதிந்தீர்கள். மற்றக் கணக்குகளின் கடவுச்சொல் மறந்தால் மீட்பு வழி வருவது மின்னஞ்சலுக்கு. வீட்டில் எல்லா அறைச் சாவியும் தொங்கும் பலகை அது. முதலில் பூட்ட வேண்டியதும் அதுவே. மின்னஞ்சலின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, மீட்பு எண் யாருடையது என்று இன்றிரவே பாருங்கள். உங்களுடையது அல்லவென்றால் மாற்றிவிட்டு, கடவுச்சொல்லையும் மாற்றி, இரண்டாவது பூட்டையும் போடுங்கள்.

ஜமாஅத்தின் கணக்குகளையும் விட்டுவிடக் கூடாது. நிர்வாகம் மூன்றாண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. உண்டியல் சாவியும் தீர்மானப் புத்தகமும் காசோலைப் புத்தகமும் கையெழுத்திட்டு ஒப்படைக்கப்படுகின்றன. மின்னஞ்சலின் கடவுச்சொல் எந்தப் பட்டியலிலும் இருப்பதில்லை. வங்கியிலிருந்து வரும் ஓடிபி முன்னாள் பொறுப்பாளரின் எண்ணுக்கே போய்க்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறையும் அவரை அழைத்து எண்ணைக் கேட்டு வாங்குவதே வழக்கமாகிவிடும். ஓடிபியைத் தொலைபேசியில் சொல்லக் கூடாது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, ஜமாஅத் அலுவலகத்திலேயே அதனைச் சொல்லி வாங்கினால் யார் கேட்பார்கள்? பதவிப் பொறுப்பு மாறும் நாளிலேயே எண்ணும் மாற வேண்டும். அது தீர்மானப் புத்தகத்திலும் ஏற வேண்டும் என்று இந்தச் சபையின் முன் வேண்டிக்கொள்கிறோம்.

குறுஞ்செய்தியில் வரும் எண் வெறும் பூட்டை விட மேல். ஆனால் இருக்கும் வழிகளில் அதுவே மிகவும் பலவீனமானது. மோசடிக்காரர் ஒருவர் உங்கள் பெயரில் மாற்றுச் சிம் அட்டை வாங்கிவிட்டால் எண் முழுவதும் அவரிடம் போகும். 2019 ஆகஸ்டில் ட்விட்டர் நிறுவனத்தின் தலைவராக இருந்த ஜாக் டோர்சியின் கணக்கே, அவருடைய கைப்பேசி எண்ணைக் கைப்பற்றியவர்களிடம் சற்று நேரம் சிக்கியது. நம் நாட்டில் மாற்றுச் சிம் வாங்கிய ஏழு நாளுக்குள் அந்த எண்ணை வேறு நிறுவனத்திற்கு மாற்ற இயலாது என்று 2024 ஜூலை முதல் விதி செய்திருக்கின்றனர். உங்கள் கைப்பேசியில் காரணமின்றி அலைவரிசை அற்றுப்போய், நெடுநேரம் திரும்பாவிட்டால் டவர் கோளாறு என்று உறங்கச் சென்றுவிடாதீர்கள். வேறொரு எண்ணிலிருந்து நிறுவனத்தை அழைத்துக் கேளுங்கள்.

குறுஞ்செய்திக்கு மாற்றாக அங்கீகாரச் செயலிகள் இருக்கின்றன. கூகுளும் மைக்ரோசாப்டும் இலவசமாகவே தருகின்றன. தொடக்கத்தில் ஒரு கட்டக் குறியை ஸ்கேன் செய்யும்போது, கணக்குக்கும் உங்கள் கைப்பேசிக்கும் பொதுவான இரகசியம் ஒன்று பதிவாகிறது. அந்த இரகசியத்தையும் கடிகார நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, 30 நொடிக்கு ஒரு புதிய எண்ணைச் செயலி காட்டும். எதிர்முனையும் அதே கணக்கைப் போட்டுச் சரிபார்க்கும். இடையில் எந்தக் குறுஞ்செய்தியும் பயணிப்பதில்லை; ஆகவே சிம் அட்டையைப் பறித்துப் பயனில்லை, இணைப்பு இல்லாத இடத்திலும் இது வேலை செய்யும். ஆனால் நீங்களே அந்த எண்ணை ஒரு போலித் தளத்தில் தட்டிவிட்டால் செயலியும் உங்களைக் காக்காது. அதற்கும் விடையாக வந்திருப்பது பாஸ்கீ என்னும் முறை. கூகுள் 2023 மே மாதம் தன் கணக்குகளுக்கு இதனைத் தந்தது. விரல் ரேகை வைத்தால் போதும். உண்மையான தளத்தின் முகவரிக்கு மட்டுமே அது திறக்கும், போலித் தளத்தில் திறக்கவே திறக்காது. தட்டுவதற்கு எண் இல்லை என்பதால் கேட்டு வாங்கவும் ஏதுமில்லை.

உலகமும் அந்தத் திசையில்தான் செல்கிறது. சிங்கப்பூர் வங்கிகள் 2024 ஜூலையில், செயலி வைத்திருக்கும் வாடிக்கையாளருக்கு உள்நுழைவு ஓடிபியை நிறுத்தப் போவதாக அறிவித்தன. ஐக்கிய அரபு அமீரகத்தின் வங்கிகள் 2025 ஜூலை முதல் குறுஞ்செய்தி ஓடிபியைக் கைவிடத் தொடங்கின. ரிசர்வ் வங்கி 2025 செப்டம்பரில் வெளியிட்ட விதிகள், குறுஞ்செய்தி அல்லாத வேறு சரிபார்ப்பு முறைகளுக்கும் வழி திறந்தன. அவை நடைமுறைக்கு வரும் நாளாக 2026 ஏப்ரல் 1 குறிக்கப்பட்டது.

பணம் போய்விட்டால் செய்ய வேண்டியதையும் சொல்லிவிடுகிறோம். 1930 என்ற எண்ணை உடனே அழையுங்கள். அடுத்து வங்கியை அழையுங்கள். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த ஆணையின்படி, வங்கியின் தவறோ உங்கள் தவறோ இன்றி வெளியார் மோசடியால் பணம் போனால், மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தவருக்கு இழப்பு இல்லை. ஓடிபியைத் தாமே சொல்லிவிட்டவர், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன தொகையைத் தாமே சுமக்க வேண்டும்; தெரிவித்த பின் போவது வங்கியின் பொறுப்பு. ஆகவே சொல்லிவிட்டவர்தாம் இன்னும் விரைவாக ஓட வேண்டும். ஆனால் நடைமுறையில் என்ன காண்கிறோம்? மகனுக்குத் தெரிந்தால் திட்டுவான், கணவர் சவூதியிலிருந்து சத்தம் போடுவார் என்று அஞ்சி, இரண்டு நாள் மறைத்துவிட்டுப் பிறகு சொல்கின்றனர். வீட்டுப் பெரியவர்களிடமும் பெண்களிடமும் கோபப்படாமல் இருந்தால் அந்த இரண்டு நாளும் மிச்சம். இளைஞர்கள் இதனைச் சற்றுக் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக ஒரு காகிதம். இரண்டாவது பூட்டைப் போட்டபின் கைப்பேசியே தொலைந்தால் உரிமையாளரும் வெளியே நிற்க நேரிடும். அதற்காகக் கூகுள் கணக்கில் எட்டு இலக்கம் கொண்ட பத்து மாற்றுக் குறியீடுகளைத் தருகின்றனர். அவற்றைக் கைப்பேசியில் படமாக வைப்பது, சாவியை உண்டியலுக்குள்ளேயே போட்டுப் பூட்டுவது போன்றது. தாளில் எழுதி, வீட்டுப் பத்திரங்கள் இருக்கும் இடத்தில் வையுங்கள். அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்குச் சொல்லி வையுங்கள். வீட்டுத் தலைவர் மௌத்தான பிறகு, கணக்குகளைத் திறக்க வழி தெரியாமல் வாரிசுகள் திகைத்து நிற்பது இப்போது பெருகி வருகிறது.

இஷா தொழுகைக்குப் பின் கல்லூரி மாணவர்கள் ஐவர் வராந்தாவில் மேசை போட்டு அமர்ந்திருப்பார்கள்; பெண்கள் பகுதியில் சகோதரிகள் இருவர் இருப்பார்கள். கைப்பேசியையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்து வாருங்கள். பிள்ளைகள் வழியைக் காட்டுவார்கள். எண்ணை மட்டும் அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்ட பிறகு உங்கள் விரலாலேயே தட்டுங்கள். வஸ்ஸலாம்.